கதண்டும் வெள்ளை மாத்திரையும்

உபாத்தியாயர் தொழிலில் ஓர் அபாயம் உண்டு. இருபது வருஷ காலம் கரும்பலகைக்கு முன்னால் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொல்லிப் பழகிவிட்டால், விடை தெரியாத கேள்விக்கும் வாய் தானாகவே திறந்துகொள்கிறது. வகுப்பறையில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. முதலாம் பானிப்பட்டு யுத்தம் நடந்த வருஷத்தை நான் மாற்றிச் சொல்லிவிட்டால், முதல் பெஞ்சிலிருக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "1526, ஸார்!" என்று திருத்திவிடுவாள். ஆனால் வீட்டிலே முதல் பெஞ்சு கிடையாது. பி.ஏ. படித்த தம்பி சொன்னால் அது வேதவாக்கு என்று நம்பும் ஓர் அக்காள்தான் எனக்கு உண்டு.

அந்த நம்பிக்கையினால் விளைந்ததைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் கதண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பட்டணத்து நேயர்களில் சிலர் கதண்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். பத்திரிகைகளில் 'விஷ வண்டு' என்று எழுதுகிறார்களே, அந்தப் பிரகிருதிதான். உண்மையில் அது வண்டே அல்ல. குளவி ஜாதியில் பெரியது. கரிய உடம்பு, வயிற்றைச் சுற்றிப் பட்டைபோல மஞ்சள். மரநாரை மென்று கூழாக்கி, பனைமரத்திலோ தென்னையிலோ பானை பருமனுக்குக் காகிதம் போன்ற கூடு கட்டும். தன் பாட்டுக்கு விட்டால் அதுவும் தன் பாட்டுக்கு இருக்கும். கூட்டை அசைத்தவனை மட்டும் அது மன்னிப்பதில்லை. தேனீ ஒருவனைக் கொட்டினால் தன் கொடுக்கை அவன் தோலிலேயே விட்டுவிட்டு உயிரையும் விட்டுவிடும். கதண்டுக்கு அந்தத் தியாக புத்தி கிடையாது. ஒரே கதண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் கொட்டும். எங்கள் காவேரிப் பக்கத்துக் கிராமங்களில் தீயணைப்பு வீரர்கள் நெருப்பை அணைக்க வருகிற நாட்களும் உண்டு. இராக்காலத்தில் பந்தத்தோடு வந்து கதண்டுக் கூட்டுக்கு நெருப்பு வைக்கிற நாட்களும் உண்டு.

என் அக்காளை மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. அத்தானுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. நாலு ஏக்கர் நிலம், ஒரு தென்னந்தோப்பு. ஒன்பது வருஷங்களாக அவருக்கு ரத்தக் கொதிப்பு. மேட்டில் ஏறினால் நெஞ்சில் ஒரு பிடிப்பும் வருவதுண்டு. அதற்காகக் காலையில் ஒரு வெள்ளை மாத்திரையும் இராத்திரி ஒரு சின்ன மாத்திரையும் தவறாமல் சாப்பிட்டு வந்தார். 'தவறாமல்' என்பது அத்தான் விஷயத்தில் வெறும் வார்த்தை அல்ல. காலைக் காப்பி தவறினாலும் தவறுமேயொழிய அவருடைய மாத்திரை தவறியதில்லை.

2023-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். தேங்காய் பறிக்க ஆள் வந்திருந்தான். அவன் வெட்டித் தள்ளிய காய்ந்த மட்டை ஒன்று, பக்கத்துப் பனையின் இடுப்பில் ஒட்டியிருந்த கூட்டை உரசிக்கொண்டு விழுந்தது. மரத்தின்மேல் இருந்தவன் தப்பித்துக் கொண்டான். கீழே நின்று காய்களை எண்ணிக் கொண்டிருந்த அத்தானைக் கழுத்தில் இரண்டும் முழங்கையில் ஒன்றுமாக மூன்று இடங்களில் கொட்டிவிட்டது.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. மூன்று வருஷங்களுக்கு முன்பும் ஒரு முறை அவரைக் கதண்டு கொட்டியிருக்கிறது. கை ஒரு வாரம் வீங்கிக் கிடந்ததேயொழிய வேறு கஷ்டம் ஏற்படவில்லை. "நம்ம உடம்புக்கு இதெல்லாம் பழக்கமாய்ப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு, வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டு வரப்பின்மேல் உட்கார்ந்தாராம். ஐந்து நிமிஷத்துக்குள் உள்ளங்கைகளில் அரிப்பு எடுத்தது. பிறகு உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்கிற்று. எழுந்து நின்றார், நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் 'பழக்கம்' என்று அத்தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையின் தலைகீழ்ப் பாடத்தைக் கண்டுபிடித்ததற்காகவே ஒருவருக்கு நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். பிரான்சு தேசத்து ஷார்ல் ரிஷே என்பவர், போர்ட்டியே என்னும் தம் சகாவோடு சேர்ந்து, கடலில் வாழும் ஒரு பிராணியின் விஷத்தை நாய்களுக்குச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தார். முதலில் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் பிறகு விஷம் தாங்கும் என்பது அப்போதைய எண்ணம். நெப்ட்யூன் என்று பெயர் கொண்ட ஒரு திடகாத்திரமான நாய், முதல் ஊசியைச் சட்டை செய்யவே இல்லை. இருபத்திரண்டு நாள் கழித்து அதே அளவு விஷத்தை மறுபடி ஏற்றினார்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் நாய் செத்துப் போயிற்று. விஷத்தை உடம்பு பழகிக் கொள்ளவில்லை. அதை ஞாபகம் வைத்துக் கொண்டு காத்திருந்திருக்கிறது! பாதுகாப்புக்கு எதிரானது என்று பொருள்படும்படி 'அனாபிலாக்ஸிஸ்' என்ற கிரேக்கப் பெயரை 1902-இல் இதற்குச் சூட்டினார்கள். 1913-இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நூறு கதண்டு சேர்ந்து கொட்டினால் விஷத்தின் அளவே ஆளைக் கொல்லும், சிறுநீரகம் கெடும். அது வேறு விஷயம். இங்கே நான் சொல்வது, ஒரே ஒரு கொட்டு போதுமானதாயிருக்கிற ஒவ்வாமை. உடம்பு தன் சேமிப்பிலுள்ள ரஸாயனப் பொருள்களை ஒரே சமயத்தில் திறந்துவிடுகிறது. ரத்தக் குழாய்கள் எல்லாம் தளர்ந்து விரிந்து கசிகின்றன. ரத்த அழுத்தம் தரைக்கு வந்துவிடுகிறது.

நிற்க. தேங்காய் பறிக்க வந்தவனும் அடுத்த வயல்காரரும் அத்தானைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து, இரண்டு மைல் தூரத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் செய்த உதவிக்கு நான் ஜன்மம் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனாலும், அழுத்தம் விழுந்துபோன மனிதரை நிமிர்த்தி உட்கார வைப்பது எவ்வளவு அபாயம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. கால்கள் உயர்ந்திருக்கும்படி அவரைப் படுக்க வைத்து, வண்டியை அவரிடம் வரவழைத்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் திணறுகிறதென்றால் சாய்ந்து உட்காரலாம். இங்கிலாந்தில் பம்ஃப்ரி என்ற டாக்டர் இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 2000-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். உணவினால் நேர்ந்தவற்றில் இருதயமோ மூச்சோ நிற்க நடுத்தரமாக முப்பது நிமிஷம் ஆயிற்றாம். கொட்டினால் நேர்ந்தவற்றில் பதினைந்தே நிமிஷம். அவரே பின்னர் இன்னொன்றும் கவனித்து எழுதினார்: படுத்திருந்தவர்கள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தபோது உயிர் போன சம்பவங்கள் பல உண்டு என்று.

அந்தச் சுகாதார நிலையத்தில் அன்றைக்கு இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். அத்தானை மேஜையில் கிடத்திக் காலை உயர்த்தி, வேஷ்டியை விலக்கித் தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசியைப் போட்டுவிட்டார். அரிப்புக்கும் தடிப்புக்கும் கொடுக்கிற ஊசிகளையெல்லாம் அப்புறந்தான் எடுத்தார். அவை அரிப்பைத் தணிக்கும். விழுந்துபோன ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தா. அட்ரினலின் என்பது நம் உடம்பிலேயே, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போலிருக்கும் சுரப்பியில் ஊறுகிற பொருள். ஜோகிச்சி தகாமினே என்ற ஜப்பானியர் அதைப் பிரித்தெடுத்து 1901-இல் உலகுக்கு அறிவித்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த ஆபத்துக்கு அதைவிடச் சிறந்த மருந்து வந்தபாடில்லை.

ஊசி போட்டு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ரத்த அழுத்தம் எழுபதுக்கு மேல் ஏறவில்லை. டாக்டரம்மாள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஐம்பத்தெட்டு! உயிருக்குப் போராடுகிற உடம்பிலே நாடி நூற்றிருபதுக்குக் குதிரை வேகத்தில் ஓட வேண்டும். ஐம்பத்தெட்டு என்பது சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் தூங்குகிறவனுடைய நாடி. இரண்டாவது ஊசியைப் போட்டுக் கொண்டே, அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்த என் அக்காளைப் பார்த்து, "இவர் தினம் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அம்மா?" என்று கேட்டார்.

அக்காள் ஒன்பது வருஷங்களாகத் தன் கையாலேயே அந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தவள். அவள் சொன்ன பதில்: "காலையிலே வெள்ளை மாத்திரை, ராத்திரி சின்ன மாத்திரை."

உலகத்திலுள்ள மாத்திரைகளில் பாதி வெள்ளை. பாதிக்கு மேல் சின்னது.

நல்லவேளையாக அந்த டாக்டர் நாடியைக் கொண்டே ஊகித்துவிட்டார். மூன்றாவது ஊசியும், இரண்டு கைகளிலும் வேகமாக இறங்கிய உப்புத் தண்ணீரும் சேர்ந்து அழுத்தத்தை மெதுவாக மேலே கொண்டுவந்தன. 108 வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆபத்து சில மணி நேரம் கழித்துத் திரும்பி வருவதுண்டாம். அதற்காக ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள்.

இதுவரையில் நடந்ததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. இனிமேல்தான் நான் வருகிறேன்.

செய்தி கேட்டு அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அத்தானுடைய மாத்திரை அட்டைகளை வாங்கிப் பெயர்களைப் படித்தேன். வெள்ளையின் பெயர் அடினலால். சின்னதின் பெயர் எனலாபிரில். இராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் அந்தப் பெயர்களைத் தேடினேன். இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு முழு வைத்தியனாகிவிட்டேன்! அடினலால் சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. எனலாபிரில் சாப்பிடுகிறவர்களுக்குக் குளவி கொட்டினால் விபரீதம் அதிகம் என்று இன்னோரிடத்தில் இருந்தது. கதண்டைவிட இந்த மாத்திரைகள்தான் அத்தானைக் கொல்லப் பார்த்தன என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் வீட்டுத் திண்ணையில் வைத்து, "அத்தான், இந்த இரண்டு மாத்திரையையும் இனிமேல் தொடாதீர்கள்" என்றேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் இருதய டாக்டரைப் போய்ப் பார்க்கும்படி எழுதியிருந்தது. "அது மெதுவாய்ப் பார்த்துக் கொள்ளலாம்" என்றும் நானே சொன்னேன்.

அத்தான் சற்று யோசித்தார். "ஒன்பது வருஷமாய்ச் சாப்பிடுகிறேனே, தம்பி" என்றார்.

"தம்பி படிச்சுப் பார்த்துத்தானே சொல்றான்?" என்றாள் அக்காள்.

பதினோராம் நாள் விடியற்காலையில் தொலைபேசி அடித்தது. மார்பில் கல் ஏற்றி வைத்தாற்போல் வலி, வியர்வை வெள்ளம், ரத்த அழுத்தம் 210-க்கு 120. நான் போய்ச் சேரும்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தார். வயதான டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

அக்காள் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அவராகத்தான் நிறுத்திட்டார்" என்றாள்.

சிறு வயதில் நான் அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்தபோதும் அப்பாவிடம் இதே குரலில்தான் எனக்காகப் பொய் சொன்னாள். அப்போது நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாற்பத்தாறு வயதில் அது முடியவில்லை. "நான்தான் டாக்டர் நிறுத்தச் சொன்னேன்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நீங்கள் படித்தது தப்பில்லை, பாதியோடு நிறுத்திவிட்டீர்கள்" என்று மட்டும் சொன்னார். அடினலாலைப் போன்ற மருந்தை வருஷக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று ஒரு நாள் விட்டால், அதுவரை கட்டிப்போட்டிருந்த இருதயம் அறுத்துக்கொண்டு ஓடும். நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரக்கூடும். அதை நிறுத்தத்தான் வேண்டுமென்றால் டாக்டரின் கண்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்றார். அத்தானுக்கு மாரடைப்பு ஏற்படவில்லை. அதன் வாசற்படி வரையில் போய்த் திரும்பினார்.

அடுத்த நாலு நாளும் அந்த வராந்தாவிலேதான் இருந்தேன். வேலை ஓய்ந்த சமயங்களில் அந்த டாக்டர் எனக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னார். மிச்சத்தைப் பிற்பாடு நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு எதையும் ஆதிமுதல் படித்தால்தான் மனசில் நிற்கிறது.

அட்ரினலின் வேலை செய்ய வேண்டுமானால் இருதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் அதற்கென்று உள்ள கதவுகளைத் தட்ட வேண்டும். கதவுகளில் இரண்டு வகை. அவற்றில் ஒரு வகைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு வைக்கும் மருந்துகளை இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிளாக் என்பவர் 1960-களில் உண்டாக்கினார். எத்தனையோ லட்சம் இருதய நோயாளிகள் அதனால் பிழைத்தார்கள்; அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடினலால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாதாரண நாட்களில் இருதயத்தை அநாவசியமாக ஓடவிடாமல் காக்கிற அதே தாழ்ப்பாள், ஓடவேண்டிய நாளிலும் கதவைத் திறப்பதில்லை. அத்தானுடைய நாடி ஐம்பத்தெட்டில் நின்றதன் ரகசியம் இதுதான். அதற்காக அட்ரினலினைப் போடாமல் இருக்கக் கூடாது. அப்போதும் முதல் மருந்து அதுவே. அது பலிக்காவிட்டால் குளூகாகான் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது கதவைத் தட்டாமல் கொல்லைப்புறமாக நுழைந்து இருதயத்தை எழுப்பும். ஆனால் இன்னார் இன்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தால்தானே டாக்டருக்கு அதன் நினைவு வரும்?

எனலாபிரிலின் கதை இன்னும் விசித்திரம். அதன் பூர்வோத்தரம் ஒரு பாம்பின் விஷத்தில் இருக்கிறது. பிரேஸில் தேசத்தில் ஜராராக்கா என்றொரு விரியன் பாம்பு உண்டு. அதன் விஷத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ரோஷா இ ஸில்வாவும் அவருடைய சகாக்களும், ரத்தக் குழாய்களை விரித்துக் கசியச் செய்யும் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டு 1949-இல் வெளியிட்டார்கள். அவரிடம் பயின்ற ஸெர்ஜியோ ஃபெரெய்ரா, அந்தப் பிராடிகைனினை அழியவிடாமல் காக்கும் ஒரு சரக்கும் அதே விஷத்தில் இருப்பதை 1960-களில் கண்டுபிடித்தார். அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு அமெரிக்காவில் காப்டோபிரில் என்ற மாத்திரையைச் செய்தார்கள். 1981-இல் அது உபயோகத்துக்கு வந்தது. எனலாபிரில் அதன் தம்பி. இப்போது கதண்டுக்கு வருவோம். குளவியின் விஷத்திலேயே பிராடிகைனினுக்கு ஒன்றுவிட்ட சகோதரமான ஒரு பொருள் இருப்பது 1954-இல் தெரியவந்தது. ஆகவே அந்தப் பொருளை அழிக்கவேண்டிய உடம்பின் கையை மாத்திரை பிடித்துக்கொள்கிறது என்று வைத்தியர்கள் சந்தேகித்தது நியாயம்தான். பாம்பு தந்த மருந்தும் குளவி தந்த விஷமும் ஒரே உடம்பில் சந்தித்துக் கொள்கின்றன! இதைப் படித்த அன்று, பயத்தையும் மறந்து சற்று நேரம் ஆச்சரியப்பட்டேன்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஐரோப்பாவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, எனலாபிரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கொட்டின் விளைவு கடுமையாயிருந்தது என்றது. நான் வராந்தாவில் படித்தது அதன் எதிரொலிதான். ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் ஐரோப்பியர்களே வெளியிட்ட இன்னொரு பெரிய ஆராய்ச்சி, இந்த இரண்டு வகை மாத்திரைகளாலும் விளைவு அதிகக் கடுமையாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. வயதானவர்களுக்கும் இருதயம் பலவீனமானவர்களுக்கும் எப்படியும் கொட்டு கடுமையாகத்தான் இருக்கும். அவர்கள்தான் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள். ஆகவே பழி மாத்திரையின் தலையில் விழுந்திருக்கக்கூடும். சரித்திரத்திலும் இப்படி எத்தனையோ பழிகள் உண்டு. ஒரு ராஜாவின் ஆட்சியில் பஞ்சம் வந்தால் ராஜாவால் பஞ்சம் வந்தது என்று எழுதிவிடுவதில்லையா? பரீட்சைத் தாளில் இந்தத் தவற்றுக்கு நான் மார்க்குக் குறைக்கிறவன். அத்தானுடைய உயிர் விஷயத்தில் நானே அதைச் செய்தேன்.

2009-ஐப் படித்தவன் 2021 வரையில் படித்திருக்க வேண்டும். அதற்கும் மேலாக, படித்ததை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போகாமல் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். கதண்டு எப்போதோ ஒரு நாள் கொட்டுகிறது. ரத்தக் கொதிப்போ தினந்தோறும் சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது. அது கொட்டுவது தெரியாதபடியால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அத்தான் விஷயத்தில் டாக்டர் இரண்டையும் நிறுத்தவில்லை. இரண்டையும் அப்படியே விடவும் இல்லை. நெஞ்சுவலிக்காரராகையால் அடினலால் இருக்கத்தான் வேண்டும் என்றார். எனலாபிரிலுக்குப் பதிலாக வேறு வகையான அம்லோடிபின் கொடுத்தார். "தோப்பும் கதண்டுமாக வாழ்கிற மனிதர்; மாற்று மருந்து இருக்கும்போது மாற்றிக் கொடுப்பதில் நஷ்டமில்லை" என்பது அவர் சொன்ன காரணம். தோப்பில்லாத இன்னொருவருக்கு அவரே வேறு விதமாகச் சொல்லியிருக்கக்கூடும். இப்படி ஆளைப் பார்த்து எடை போடுகிற தராசு என் கைபேசியில் இல்லை.

மேனாடுகளில் குளவி விஷத்தையே மிக நுண்ணிய அளவில் ஆரம்பித்து வருஷக்கணக்கில் ஊசியாக ஏற்றி, உடம்பைச் சமாதானப்படுத்துகிற சிகிச்சை இருக்கிறது. ரிஷேயின் நாய்க்கு எது யமனாயிற்றோ அதையே நிதானமாகச் செய்தால் மருந்தாகிறது. அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பனையில் இருந்த கூட்டைத் தீயணைப்புக்காரர்கள் அதே மாதத்தில் கொளுத்திவிட்டார்கள். இந்த வருஷம் நாலு மரம் தள்ளி இன்னொரு கூடு வந்திருக்கிறது.

சென்ற வாரம் கிராமத்துக்குப் போயிருந்தேன். அத்தான் குளித்துவிட்டு வந்து சட்டையை மாட்டிக்கொண்டார். சட்டைப் பையில் சிகரெட்டு அட்டையளவு ஒரு காகிதம், கண்ணாடித்தாள் ஒட்டி மழைக்கு நனையாதபடி செய்தது, இருக்கிறது. கதண்டு கொட்டினால் தமக்கு உயிராபத்து உண்டு என்பதும், சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரும் அளவும், அக்காளின் தொலைபேசி எண்ணும் அதில் எழுதியிருக்கின்றன. எழுத்து அக்காளுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மாத்திரை அட்டையிலிருந்த இங்கிலீஷ் எழுத்துக்களைப் பேத்தியிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதியிருக்கிறாள்.

தோப்புக்கு ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு, தூரத்திலிருந்தே காய் எண்ணுவதாக அக்காளிடம் சத்தியம் செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, இந்தப் புது மாத்திரையாலே கால் கொஞ்சம் வீங்கறாப்போல இருக்கே, அது எதனாலே?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். அந்த மருந்தைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். வாய் திறந்தது. அடுப்படியிலிருந்து அக்காள், "வெள்ளிக்கிழமை டாக்டர் கிட்டே கேட்டுக்கலாம்" என்றாள். நான் காப்பியை எடுத்துக் குடித்தேன்.